பாரம் நகரும்போது

எங்கள் தெருவில் யார் வீட்டில் என்ன நடந்தாலும் முதலில் தெரிவது எனக்குத்தான். வம்புக்கு அலைகிறவள் என்று நினைக்க வேண்டாம். என் தையல் மெஷின் ஜன்னலோரம் இருக்கிறது, ஜன்னல் தெருவைப் பார்த்து இருக்கிறது, நான் காலையிலிருந்து பொழுது சாய்கிறவரை அங்கேயே உட்கார்ந்து திரைச்சீலையும் மெத்தை உறையும் தைக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டா தைக்க முடியும்? ஆனால் எதிர்வீட்டு மேஸ்திரிக்கு உடம்பு சரியில்லை என்பதை நான் பார்த்துத் தெரிந்துகொள்ளவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன். அவர் குரல் உடைந்திருந்தது.

மேஸ்திரி என்றால் வீடு கட்டுகிற மேஸ்திரி இல்லை. பாரம் நகர்த்துகிறவர். கிரேன் நுழையாத சந்திலும் லிப்ட் இல்லாத மாடியிலும் அச்சு மெஷினோ, இரும்புப் பெட்டியோ, ஜெனரேட்டரோ, ஏற்ற வேண்டும் இறக்க வேண்டும் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டுக்குள் நுழைந்தால் நடையில் கயிறு சுருள் சுருளாகத் தொங்கும். கதவுக்குப் பின்னால் கடப்பாரை. கட்டிலுக்கு அடியில் மரக்கட்டைகளும் பாரத்தை உருட்டிக்கொண்டு போக இரும்புக் குழாய்களும். வீடு முழுக்கக் கிரீஸ் வாடை. அவர் சம்சாரத்தை நான் அக்கா என்று கூப்பிடுவேன். அந்த வாடையிலேயே சமைத்து, சாப்பிட்டு, தூங்கி, "எங்க வீட்ல எலி வந்தாக்கூட வழுக்கித்தான் விழும்" என்று சிரிப்பாள். ஆட்கள் தோளில் வைத்துக்கொள்கிற கித்தான் மெத்தைகளைத் தைத்துக் கொடுப்பது நான். கித்தானுக்கு ஊசி தாங்காது, உடையும். உடைகிறபோதெல்லாம் மேஸ்திரியைத் திட்டுவேன். "டெய்லரம்மா வாழ்த்துறாங்க" என்று தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி பதில் வரும்.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. பாரம் நகர ஆரம்பித்துவிட்டால் ஒரே குரல்தான். மற்ற யாரும் வாயைத் திறக்கக் கூடாது, 'பார்த்து' என்றுகூடச் சொல்லக் கூடாது. இரண்டு பேர் குரல் கொடுத்தால் ஒருத்தன் இழுப்பான், இன்னொருத்தன் விடுவான், நடுவில் நிற்கிறவன் கதை அங்கேயே முடிந்துவிடும். மேஸ்திரி 'பிடி' என்றால் பிடிப்பார்கள், 'தாங்கு' என்றால் தாங்குவார்கள், 'விடு' என்றால்தான் விடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவரையே கிண்டல் பண்ணுகிற ஆட்கள், கயிற்றைக் கையில் எடுத்துவிட்டால் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அந்தக் குரல் மழைக்காலத்தில் கரகரக்க ஆரம்பித்தது. தூசி என்றார். மழை நின்ற பிறகும் கரகரப்பு நிற்கவில்லை. உப்புத் தண்ணீர், தேன், வெந்நீர் எல்லாம் ஆயிற்று. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அக்கா சொன்னால், "தொண்டை கட்டுனதுக்கெல்லாம் டாக்டரா" என்று அடித்துப் பேசினார். அக்காவும் கெஞ்சிப் பார்த்தாள், சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்தும் பார்த்தாள். மனுஷன் மசியவில்லை.

கடைசியில் அவரை மசிய வைத்தது ஒரு இரும்புப் பெட்டி. பழைய கட்டடம் ஒன்றின் மாடிப்படியில் அதை இறக்கிக்கொண்டிருந்தபோது 'தாங்கு' என்று அவர் சொன்னது வெறும் காற்றாகத்தான் வெளியே வந்தது. கீழே நின்ற ஒல்லிக்குக் கேட்கவில்லை. ஒல்லி என்பது பட்டப்பெயர், ஆள் பீரோ மாதிரி இருப்பான். பெட்டி ஒரு படி சறுக்கி, நல்லவேளையாகக் கட்டையில் முட்டி நின்றது. யாருக்கும் அடி இல்லை. ஆனால் மேஸ்திரி அன்றைக்கு வீட்டுக்கு வந்து தட்டைத் தொடவில்லை. மறுநாள் காலையில் யாரும் சொல்லாமலே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்றார். அக்கா அவசரத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். அது நான் பார்த்தது.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார்கள். துளி சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதித்தார்கள். குரல் வருகிற இடத்திலேயே, ஒரு பக்கத்தில், புற்று என்று வந்தது. டாக்டரம்மா நல்ல மாதிரி. சுற்றி வளைக்காமல் சொன்னார். நோய் அந்த ஒரு பக்கத்தோடு நிற்கிறதா, அந்தண்டைப் பக்கமும் கழுத்துக்கும் போய்விட்டதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும். நின்றிருந்தால் கதிர் சிகிச்சை போதும், குரல் கொஞ்சம் முரடாக இருந்தாலும் மிஞ்சும். பரவியிருந்தால் குரல்பெட்டியையே எடுக்க வேண்டி வரும். அப்புறம் கழுத்தில் போடுகிற துளை வழியாகத்தான் மூச்சு விட வேண்டும்.

அக்காவுக்குத் துணையாக நானும் போயிருந்தேன். உயிருக்கு ஒன்றும் இல்லையே என்று அக்கா கேட்டாள். மேஸ்திரி அதைக் கேட்கவில்லை. எடுத்துவிட்டால் வேலையில் குரல் கொடுக்க முடியுமா என்றுதான் கேட்டார். முடியாது என்றார் டாக்டரம்மா.

ஸ்கேன் எடுக்கிற இடம் முதல் மாடியில், பின்பக்கம் இருந்தது. சர்க்கரை மாதிரி ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுவார்களாம். உடம்புக்குள் நோய் இருக்கிற இடம் அதை உறிஞ்சிக்கொண்டு படத்தில் பளிச்சென்று தெரியுமாம். ஊசி போட்ட பிறகு மருந்து உடம்பில் பரவுகிறவரை தனி அறையில், சாய்வு நாற்காலியில், போர்வை போர்த்திக்கொண்டு கம்மென்று இருக்க வேண்டும். மருந்தில் கதிர் இருப்பதால் கூட யாரும் இருக்கக் கூடாது. அங்கே வேலை பார்க்கிற பெண்ணுக்குச் சின்ன வயது, வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் இருக்கும் போல. பேசாதீர்கள், எதையும் மெல்லாதீர்கள், அசையாதீர்கள் என்று திருப்பித் திருப்பிச் சொன்னது. ஏன் என்று அதுவும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி என்றால் சத்தம் போடக் கூடாதுதானே என்று நினைத்துக்கொண்டோம். நானும் அக்காவும் முன்பக்கத்துக் கூடத்தில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் தோய்த்துத் தின்றோம். படம் எடுத்து முடிந்து மேஸ்திரி வெளியே வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. நல்லா தூங்கினேன் என்றார்.

படத்தைப் பார்க்கப் போன அன்று டாக்டரம்மா எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஒரு கழுத்து. நடுவில் இரண்டு பக்கமும் நெருப்புத் துண்டு மாதிரி ஆரஞ்சு நிறம். ஒரு பக்கம்தான் இருக்கும் என்று நினைத்தோம், இரண்டு பக்கமும் தெரிகிறது என்றார். அப்புறம் மேஸ்திரியைப் பார்த்து, "ஊசி போட்டப்புறம் பேசினீங்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"இல்லம்மா. வாயைத் திறக்கலை."

அக்கா விடுவாளா? தன் புருஷன் சொன்னால் சொன்னதுதான், கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு பொய் சொன்னதில்லை, வேலையில் ஒரு சொல் மாறினால் ஆள் செத்துப்போவான் என்று பழகின மனுஷன், சத்தியமே பண்ணுகிறேன் என்று படபடவென்று பேசித் தீர்த்தாள். டாக்டரம்மா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பரவியிருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, மற்ற டாக்டர்களோடு உட்கார்ந்து பேசி முடிவு சொல்கிறேன், ஆபரேஷனுக்கு மனதைத் தயார் பண்ணிக்கொள்ளுங்கள் என்றார்.

அதற்கப்புறம் அந்த வீடு இருந்த இருப்பை என்ன சொல்ல. அழுது வடிந்துகொண்டிருந்தது என்று சொன்னால் பொய். ஆட்கள் தினமும் வந்தார்கள். மேஸ்திரிக்குக் குரல் இல்லாவிட்டாலும் அவர்தான் மேஸ்திரி என்று அவர்களாகவே முடிவு பண்ணிவிட்டார்கள். ஒல்லி எங்கேயோ போய் விளையாட்டு வாத்தியார் வைத்திருக்கிற மாதிரி ஒரு விசில் வாங்கி வந்தான். ஒரு ஊதலுக்குப் பிடி, இரண்டு ஊதலுக்கு விடு. மேஸ்திரி ஊதிப் பார்த்தார், தெரு நாய்கள் எல்லாம் எழுந்து நின்றன. நான் ஜன்னலில் இருந்தே வாழ்த்தினேன்.

விசிலும் நிலைக்கவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எப்படிப் பேசிப் பழகுவது என்று சொல்லித்தர ஆஸ்பத்திரியில் ஒருவர் இருந்தார். அக்கா பெருமையாக விசிலை எடுத்துக் காட்டினாள். அவர் தயங்கித் தயங்கி, மூச்சு கழுத்து வழியாகப் போய்விடும், வாய் வழியாக வராது, அதனால் விசில் ஊத முடியாது என்று விளக்கினார். அக்கா விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். 

பிறகு கை ஜாடை. கட்டிலையே பாரமாக வைத்து ஆட்கள் ஒத்திகை பார்த்தார்கள். மேஸ்திரி வாசற்படியில் நின்று கையைத் தூக்குவார், இறக்குவார். ஆனால் முதுகு காட்டித் தாங்குகிறவனுக்குக் கை எப்படித் தெரியும்? கட்டில் சுவரில் இடித்துக் காரை பெயர்ந்தது. ஒல்லி கழுத்தை நாரை மாதிரி வளைத்துத் திரும்பிப் பார்த்ததில் சுளுக்கிக்கொண்டான். எல்லாரும் சிரித்தோம், மேஸ்திரியும்தான் சிரித்தார். சிரித்து முடித்த பிறகு பெயர்ந்த காரையை அக்கா கூட்டி அள்ளினாள்.

மறுநாள் என் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் தைக்கிற கித்தானின் ஓரத்தைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டே சொன்னாள். "ஆள் இருந்தா போதும், குரல் போனா போகுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன். அவர்கிட்டயும் அப்படித்தான் சொல்றேன். உன்கிட்ட மட்டும் சொல்றேன். எனக்கு அந்தக் குரலும் வேணும். ஆசைப்படக் கூடாதா?"

தாராளமா ஆசைப்படு அக்கா என்று சொன்னேன். 

ஆபரேஷன் தேதி சொல்கிறோம் என்று வரச் சொன்ன அன்று நாங்கள் மூன்று பேரும் போனோம். கீழ்த்தளத்தில் மருந்து வாங்குகிற வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். சாமான் தள்ளுகிற வண்டியோடு போன ஒரு ஆள் மேஸ்திரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். வண்டியை அப்படியே விட்டுவிட்டு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். ஆஸ்பத்திரியில் ஏற்றி இறக்குகிற வேலை பார்க்கிறவன்.

"அண்ணே, அன்னைக்கு மேல ஜன்னல்ல இருந்து குரல் குடுத்தது நீங்கதானே? இறங்கி வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்ணே."

மேஸ்திரி கையை உருவிக்கொள்ளப் பார்த்தார். அவன் விடவில்லை. அக்காவிடம் திரும்பி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். பின்பக்கத்து முற்றத்தில் லாரியிலிருந்து ஒரு பெரிய கொதிகலனைச் சாய்வுப் பலகை போட்டு இறக்கிக்கொண்டிருந்தார்களாம். ஆஸ்பத்திரிக்காரர் ஒருவர் இந்தப் பக்கம் நின்று இழு என்கிறார், லாரிக்காரர் அந்தப் பக்கம் நின்று விடு என்கிறார். பலகை நழுவி, இவன் கால் அடியில் மாட்டிக்கொண்டது. ஆளாளுக்குக் கத்தினார்கள். அப்போது மேலேயிருந்து ஒரு குரல். யாரும் பேசாதே என்றது. கயிற்று ஆள் பிடி, இடது பக்கம் கட்டை வை, தாங்கு, இன்னும் தாங்கு, இப்போ காலை எடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, கொதிகலன் தரையில் உட்காருகிறவரை அந்தக் குரல் நிற்கவில்லையாம்.

"கரகரன்னுதான் இருந்துச்சு அக்கா. ஆனா யாராலயும் மீற முடியலை. என் கால் எனக்கு இருக்குன்னா அவரால்தான்." சொல்லிவிட்டுக் காலைத் தரையில் தட்டியும் காட்டினான்.

அது எந்த நாள் என்று அக்கா கேட்கவில்லை. மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்ட விதத்திலேயே எனக்கும் புரிந்துவிட்டது. அக்கா அந்த ஆளிடம், நல்லா இருப்பா என்று சொல்லி அனுப்பினாள். அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஊசி போட்டப்புறமா?"

அவர் தலையாட்டினார். கதவை மூடிவிட்டு அந்தப் பெண் இன்னொரு நோயாளியைப் பார்க்கப் போயிருந்ததாம். ஜன்னலைத் தள்ளித் திறந்தது அவர்தான். பெண் திரும்பி வந்து, பேசவில்லையே என்று கேட்டபோது இல்லை என்று தலையை ஆட்டிவிட்டார். "சின்னப் பொண்ணு. சரியா கவனிக்கலைன்னு அதுக்குத்தானே திட்டு விழும். சத்தம் போடக் கூடாதுன்னு ஒரு ரூல், அதை மீறிட்டேன், யாருக்கு என்ன நஷ்டம்னு நெனச்சேன். டாக்டரம்மா கேட்டப்பவும் அந்த ரூலுக்காகத்தான் கேக்கிறாங்கன்னு நெனச்சு இல்லைன்னுட்டேன்" என்றார்.

அக்கா மருந்து வரிசையை விட்டு விறுவிறுவென்று மாடி ஏறினாள். நானும் மேஸ்திரியும் பின்னாலேயே ஓடினோம். டாக்டரம்மா அறை வாசலில் நின்ற ஆள் டோக்கன் கேட்டான். அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள், வழி விட்டுவிட்டான்.

அக்கா நடந்ததைச் சொல்லக் கேட்ட பிறகு டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். பிறகு மெதுவாக விளக்கினார். அந்த மருந்தை நோய் மட்டும் உறிஞ்சுவதில்லை. அந்த நேரத்தில் உழைக்கிற தசையும் உறிஞ்சிவிடும். பேசினால் குரல் தசைகள் உழைக்கும். அதிலும் இவர் பேசவில்லை, கெட்டுப்போன தொண்டையை வைத்துக்கொண்டு ஒரு கொதிகலனையே இறக்கியிருக்கிறார். அப்புறம் இரண்டு பக்கமும் எரியாமல் என்ன செய்யும்?

"அப்போ அந்தப் பக்கம் நோய் இல்லையா?" அக்கா கேட்டாள்.

"இல்லைன்னு இப்போ சொல்ல முடியாதும்மா. இருக்குன்னும் சொல்ல முடியாது. மறுபடி எடுக்கணும். இந்தத் தடவை வாயைத் திறந்தா நானே பிளாஸ்திரி ஒட்டுவேன்."

மேஸ்திரி ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொண்டார், அந்தப் பெண்ணைத் திட்டக் கூடாது என்று. திட்டுவதற்கு முதலில் உங்களைத்தான் திட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா. இனிமேல் வருகிறவர்களிடமெல்லாம் காரணத்தையும் சேர்த்துச் சொல்லச் சொல்கிறேன் என்றும் சொன்னார்.

இரண்டாவது ஸ்கேனுக்குப் போன அழகை நான் சொல்லியாக வேண்டும். அந்தப் பெண் ஜன்னலைப் பூட்டி, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, மேஸ்திரி காதில் பஞ்சு வைத்து அடைத்ததாம். அது போதாது என்று ஆட்கள் அத்தனை பேரும் வேலையை விட்டுவிட்டு வந்து பின்பக்கத்து முற்றத்தில் காவல் நின்றார்கள். ஒல்லி நடு வழியில் நின்றுகொண்டான். உள்ளே வந்த லாரியை மறித்து, மேலே ஆள் தூங்குகிறார், ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவைத்தான். அனுப்பினது கிசுகிசுப்பில். லாரிக்காரனும் என்னவோ ஏதோ என்று கிசுகிசுப்பிலேயே சரி என்றான். ஆஸ்பத்திரி காவல்காரர் வந்து கேட்டபோது அவருக்கும் விஷயத்தைக் காதில் சொன்னார்கள், அவரும் சேர்ந்து நின்றார். நான் மாடிப் படிக்கட்டிலிருந்து பார்த்துச் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. கூடத்தில் அதே நாற்காலியில் கைகளைக் கோத்துக்கொண்டு, டீ வாங்கிக் கொடுத்தும் குடிக்காமல், சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிவு சொல்கிற அன்று திரை முன்னால் அதே மூன்று நாற்காலி. டாக்டரம்மா படத்தைப் போட்டார். ஒரு பக்கம் சின்னதாக, கடலை அளவுக்கு ஆரஞ்சு. அவ்வளவுதான். அந்தண்டைப் பக்கம் ஒன்றுமே இல்லை. கழுத்தில் இல்லை, நெஞ்சில் இல்லை. டாக்டரம்மா எரிகிற பக்கத்தைக் காட்டி ஏதோ விளக்க ஆரம்பித்தார். அக்கா, "இருங்கம்மா, அந்த இருட்டா இருக்கிற பக்கத்தை இன்னொரு தடவை காட்டுங்க" என்றாள். காட்டினார். திரையில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆபரேஷன் வேண்டாம் என்று ஆயிற்று. கதிர் சிகிச்சை உண்டு. தொண்டை புண்ணாகும், கஞ்சிதான் இறங்கும், சிகிச்சை முடிந்து தொண்டை ஆறுகிறவரை பாரம் பக்கமே போகக் கூடாது. அதற்கப்புறம் குரல் இருக்கும், பழைய கணீர் வராது. முரட்டுக் குரல்தான் மிஞ்சும் என்றார்.

"முரடு போதும்மா" என்றார் மேஸ்திரி.

வெளியே வந்து வண்டிக்காக ரோட்டோரம் நின்றோம். நல்ல வெயில். எனக்கானால் அங்கேயே குதிக்கலாம் போல இருந்தது. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். அவள் கோபத்தில் இருந்தாள்.

"இன்னொரு தடவை அப்படி ஒருத்தன் கால் மாட்டிக்கிட்டு கிடந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டாள்.

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய, பைக்குள் எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டேன். அவர் பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம்.

"குரல் குடுப்பேன்" என்றார்.

போச்சு என்று நினைத்தேன். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

"குடுங்க. நான் வேண்டாம்னா சொன்னேன்? குடுத்துட்டு வந்து என்கிட்ட சொல்லிடுங்க. நான் அந்தம்மா முன்னாடி சத்தியம் பண்றேன்னு நின்னேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தீங்க. இத்தனை நாளும் உங்களை ஊமையா நெனச்சு நெனச்சு செத்துக்கிட்டிருந்தேன். என்கிட்ட மறைக்காதீங்க. அவ்வளவுதான் கேக்கிறேன்."

மேஸ்திரி அவள் கையிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கொதிகலன் இவ்வளவு உயரம்" என்று கையைத் தூக்கிக் காட்டினார். "பலகை இந்தப் பக்கம் சாஞ்சு கிடக்கு. அவன் கால் இங்க..."

அந்த உடைந்த குரலில், லாரி வந்து நின்றதிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கயிறு எத்தனை பேர் கையில் இருந்தது, கட்டை யார் வைத்தது என்று நடுவில் நடுவில் கேட்டாள். வண்டி ஒன்று வந்து பக்கத்தில் நின்றது. நான்தான் வேண்டாம் என்று கையசைத்து அனுப்பிவிட்டேன்.